பெட்டரி இல்லாத மெசின்கள்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எங்கள் அறையில் இருந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். நான் பஸ் பிடித்துக் கைத்தொழில் பேட்டைப் பக்கம் போவேன். கட்டாரில் மற்றவர்கள் லீவு நாளில் கடற்கரைக்குப் போவார்கள், குளிரூட்டிய கடைகளில் சும்மா சுற்றிவிட்டு வருவார்கள். கிழமை முழுவதும் மெசின் பிடித்துக் கை மரத்துப்போன நானோ லீவு நாளிலும் மெசின் பார்க்கத்தான் போனேன். செக்கு மாட்டை அவிழ்த்து விட்டாலும் செக்கைத்தான் சுற்றுகிறது என்று அறையில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் பகிடி பண்ணுவார். பண்ணட்டும் என்று விட்டுவிடுவேன். அவருக்குத் தெரியாத ஒரு காரணம் எனக்கு இருந்தது.

அந்தத் தெருவில் இருபுறமும் வேலைக் கருவி விற்கிற கடைகள்தான். வயர் இல்லாமல் பெட்டரியில் ஓடுகிற மெசின்களுக்கென்றே தனிச் சுவர் வைத்திருப்பார்கள். ஒரு கம்பனி பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். எங்கள் ஊரில் தேர்தல் காலத்தில் நிறத்தைச் சொன்னாலே ஆளைப் புரிந்துகொள்வார்கள், அந்தச் சுவரும் அப்படித்தான் இருந்தது. பச்சையின் பெட்டரி மஞ்சளுக்குப் பொருந்தாது, மஞ்சளின் பெட்டரி நீலத்துக்குப் பொருந்தாது. ஒரு நிறத்தில் முதல் மெசினை வாங்கிவிட்டால் பிறகு காலம் முழுக்க அந்த நிறம்தான். எங்கள் அரசியல்வாதிகளைப் போல நினைத்த நேரம் தாவ முடியாது. அதனால்தான் நான் மாதக்கணக்கில் யோசித்தேன்.

கடையில் நின்ற மலையாளிக்கு என் முகம் பழகிவிட்டது. மஞ்சளில் இருபது வோல்ட், பச்சையில் பதினெட்டுத்தான், அதனால் மஞ்சள்தான் பெரிது என்று அவர் தொடங்குவார். இரண்டும் ஒன்றுதான், முழுசாகச் சார்ஜ் ஏறி நிற்கும்போது அளந்தால் இருபது, வேலை செய்யும்போது பதினெட்டு என்று நான் சொல்வேன். அவரும் சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வார். வோல்ட் என்பது மதகால் பாய்கிற தண்ணீரின் வேகம், பெட்டரியில் எழுதியிருக்கிற மற்ற இலக்கம் குளத்தின் கொள்ளளவு. பெரிய குளம் என்றால் நெடுநேரம் பாயும், ஆனால் தூக்கிப் பிடிக்கிற கைக்குப் பாரம். தலைக்கு மேலே பிடித்து வேலை செய்கிறவனுக்குப் பாரம்தான் முதல் கணக்கு. ஒவ்வொரு மெசினையும் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். பைத்தியம் என்று பார்த்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

நான் செய்தது சீலிங் வேலை. உயரமான கட்டடங்களில் ஏணியில் நின்று, ஜிப்சம் பலகையைத் தலைக்கு மேலே தாங்கிப் பிடித்து, தகரச் சட்டத்தில் ஸ்குரூ அடிப்பது. மெசின் எல்லாம் கம்பனியுடையது. வேலை முடிந்ததும் வாங்கிப் பூட்டிவிடுவார்கள். ஊரில் நான் ‘கம்பனியில் இருக்கிறவர்’. கல்யாணம் பேசியபோது அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை, இன்று வரை கேட்டதுமில்லை. ஏசி அறையில் கதிரையில் இருப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய?

வாப்பா மௌத்தான செய்தி வந்தபோது நான் ஏணியில் நின்றேன். எங்களில் மையித்தை வைத்துக்கொண்டிருக்கிற வழக்கம் இல்லை. நண்பகல் லுஹருக்கு மௌத்தானால் அந்தி மஃரிபுக்கு முன் அடக்கிவிடுவார்கள். வெளிநாட்டில் இருக்கிற மகன் வரட்டும் என்று பொறுக்கிற பேச்சே கிடையாது. அது சரிதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அன்றைக்கே கட்டார் எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. மருதமுனையில் என் தங்கச்சி வீட்டில் உம்மா இருந்தார், வயசும் போய்விட்டது. உம்மாவின் சந்தூக்குப் பெட்டியையாவது நான் தோளில் தூக்க வேண்டும், கபுறுக் குழிக்குள் இறங்கி நானே வாங்கி வைக்க வேண்டும். அதற்கு ஊரில் இருக்க வேண்டும். ஊரில் இருக்க ஒரு தொழில் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் சீலிங்.

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் கல்முனைப் பக்கத்தில் அந்தத் தொழிலுக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் ஊர்களில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறவன். அதனால் பெண் பிள்ளை பிறந்தால் தகப்பன் அத்திவாரத்தை நினைக்கத் தொடங்கிவிடுவான். எந்த முடுக்கில் திரும்பினாலும் ஒரு வீடு கட்டுப்பட்டுக்கொண்டிருக்கும். ஆனால் புது வீட்டுக்குக் கரண்ட் இழுப்பது கடைசி வேலை. அதுவரை பக்கத்து வீட்டில் வயர் வாங்கித்தான் வேலை நடக்கும், பக்கத்து வீட்டாரோடு ஒரு வாய்த்தர்க்கம் வந்தால் வேலை நிற்கும். பெட்டரி மெசின் வைத்திருக்கிறவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஏணியும் மெசினுமாக வந்து இறங்கி, வேலையை முடித்துவிட்டுப் போகலாம். இந்த யோசனை வந்த நாளில் எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

இதை நான் உம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். மற்றவர்களிடம் வாயைத் திறக்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவன் இனி வரப்போகிறேன் என்று சொல்லிவிட்டால், அவன் வந்து சேர்வதற்கு முன்னமே கதை வந்து சேர்ந்துவிடும். வேலையால் நிறுத்திவிட்டார்களாம், ஏதோ நோயாம், அங்கே ஏதோ பிரச்சினையாம். முதலில் ஒரு வீட்டில் சீலிங் அடித்து முடித்துக் காட்டுவது, பிறகு வாயைத் திறப்பது என்று வைத்திருந்தேன்.

ஆனால் விசாரிக்காமல் வாங்க முடியாது. மெசின் கெட்டுப்போனால் ஊரில் திருத்த ஆள் இருக்கிறாரா, ஊர்க் கடையில் அதே பெட்டரி கிடைக்குமா, கிடைப்பது அசலா போலியா என்பதெல்லாம் தெரிய வேண்டும். மனைவியின் காக்கா, அதாவது அவளுடைய மூத்த சகோதரர், என் மச்சான், கல்முனை மெயின் ரோட்டில் அலுமினியக் கதவு ஜன்னல் செய்கிற கடை வைத்திருந்தார். அவருக்குத் தெரியாத மெசின் இல்லை. அதனால் வெள்ளிக்கிழமைகளில் அந்த மெசின் கடையில் நின்றுகொண்டே மனைவிக்குப் போன் எடுப்பேன்.

“இஞ்ச, காக்காட்டக் கேளு, அங்க எந்த நிறம் நல்லா ஓடுதெண்டு.”

“என்னத்துக்குக் கேக்கீங்க?”

“சும்மா. கேளு.”

அடுத்த கிழமை பதில் வரும். “பச்சதானாம் நல்லம். இஞ்ச ஒரிஜினல் எடுக்க ஏலாதாம். ஸ்குரூ அடிக்கிற சின்ன மெசினும் இருந்தா நல்லமெண்டு செல்றார்.”

“கிரைண்டர்?”

“அதயும் கேக்கவா?”

“கேளு, கேளு.”

எவ்வளவு மடையன் நான் என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் இருக்கிறவன் போன் பண்ணி ‘அங்கே எது நல்லம்’ என்று கேட்டால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு: கொண்டு வரப்போகிறான். கேட்கப்பட்டவன் வெட்கப்பட்டு ஒன்றைச் சொல்வான், இவன் கொண்டு வந்து கொடுப்பான். சென்ட் போத்தலிலிருந்து போன் வரை அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் அதை மறந்துவிட்டு, ஏதோ பொறியியலாளரோடு ஆலோசனை நடத்துவது போல நடத்திக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பச்சையையே எடுத்தேன். ட்ரில், ஸ்குரூ மெசின், கிரைண்டர், வேலைத்தலத்துக்கு ஒரு லைட். எல்லாம் பெட்டரி இல்லாத வெறும் மெசின், அப்படி எடுத்தால்தான் கட்டுப்படியாகும். பெட்டரி தனியாக இரண்டு, சார்ஜர் ஒன்று. ஒரே பெட்டரியை மாற்றி மாற்றிப் போட்டு நாலையும் ஓட்டலாம். சேர்த்து வைத்ததெல்லாம் அதில் போய்விட்டது. அந்தப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்தபோது, பல வருசத்துக்குப் பிறகு எனக்கென்று ஏதோ இருக்கிறது என்று தோன்றியது.

மெசின்களைக் கப்பல் கார்கோவில் போட்டேன். கார்கோக் கடையில் இருந்தவர் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சம்மாந்துறைக்காரர். பெட்டரி இரண்டையும் எடுத்துத் திருப்பித் தந்துவிட்டார்.

“இது கப்பல்ல ஏத்த ஏலா காக்கா. தீப்பத்தும் எண்டு விடமாட்டாங்க. பிளேன்ல நீங்க கையோட கொண்டு போங்க.”

பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “வேற ஒண்டும் போடல்லயா? பால்மா, சவர்க்காரம், போர்வ?”

“இல்ல.”

“ஒண்டுமே இல்லயா?”

இல்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு டேப் ஒட்டினார். அந்தப் பார்வையாவது எனக்குப் புத்தி சொல்லியிருக்க வேண்டும்.

கப்பல் எனக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டது. பெட்டி வந்துவிட்டது என்று மனைவி மெசேஜ் போட்டிருந்தாள். நான் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். திரும்பி வர மாட்டேன் என்று கம்பனியிடமும் சொல்லவில்லை. பெட்டரி இரண்டையும் துவாயில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினேன். விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்களோ என்று பையை மார்போடு அணைத்துக்கொண்டே வரிசையில் நின்றேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, பிள்ளைகளோடு கொஞ்சம் இருந்துவிட்டு மனைவியிடம் கேட்டேன்.

“பெட்டி எங்க?”

“உடச்சாச்சே.”

“உள்ளுக்க இருந்த சாமான்?”

“குடுத்தாச்சி.”

“ஆருக்கு?”

“காக்காக்கு ட்ரில். என்ட தங்கச்சிட மாப்பிள்ளைக்கு ஸ்குரூ அடிக்கிறது. இறக்காமத்து மாமாக்கு கிரைண்டரும் லைட்டும்.” அவள் முகத்தில் பெருமைதான் இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

“குடுக்கச் செல்லி நான் செல்லல்லயே.”

“வைக்கச் செல்லியும் செல்லல்ல. எங்கட உம்மா எல்லாரையும் கூப்பிட்டு இருத்தித்தான் பெட்டிய உடச்ச. சுத்திவர ஆக்கள். உள்ளுக்க ஒரு சவர்க்காரக் கட்டிகூட இல்ல. காக்கா செல்லின அதே பச்ச, அவர் செல்லின அதே மெசின். நான் என்னெண்டு நினைக்கிற?”

கார்கோப் பெட்டியைத் தனியாக உடைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. மனைவியின் உம்மா, என் மாமி, பாய் விரித்து, சொந்தக்காரர்களை இருத்தி, பிஸ்மி சொல்லிக் கத்தியைப் போடுவார். வந்திருந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பினால் வீட்டுக்கே மரியாதைக் கேடு. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய் என்னுடையது, கை மாமியுடையது. மருமகன் இந்த முறை மெசினாக அனுப்பியிருக்கிறார் என்று மாமி முடுக்கு முழுக்கச் சொல்லியும் முடித்திருந்தார்.

நான் அப்போதுதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனிப் போவதில்லை என்று நினைத்ததை, சீலிங் வேலையை, உம்மாவை. அவள் கட்டிலில் இருந்துவிட்டாள்.

“எனக்கிட்டயாவது செல்லியிருக்கலாம்,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “திருப்பிக் கேப்பமா?” என்றாள்.

கொடுத்ததைக் கேட்டால் அடுத்தது பகை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் முகட்டைப் பார்த்தேன். அடுத்த அறையிலிருந்து மாமி என்னை மகன் என்றழைத்து, தேத்தண்ணி ஊத்தவா என்று கேட்டார்.

அடுத்த நாள் அதிகாலை சுபஹு தொழுதுவிட்டு வந்தால் வாசலில் இறக்காமத்து மாமா நின்றார். மாமியின் தம்பி. குளத்துக்கு அந்தப் பக்கம் வயல் செய்கிறவர், அறுவடை வரை வயல் குடிசையான வாடியிலேயே கிடப்பார்.

“மகன், லைட்டு வந்த. உயிர் வரல்லயே,” என்றார்.

“என்ன மாமா?”

“பெட்டரி. ஆன வரம்புக்கு வந்துட்டு. டோச் லைட்டுக்கெல்லாம் அது அசையுதில்ல. இது பெரிய வெளிச்சமாமே.”

வயலில் கதிர் பால் பிடித்து நின்ற நேரம். யானை ஒரு தரம் உள்ளே இறங்கினால் ஒன்றும் மிஞ்சாது. அந்த மனிதரிடம் எனக்குச் சீலிங் அடிக்க வேண்டும், லைட்டைத் தாருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? பெட்டரி ஒன்றையும் சார்ஜரையும் எடுத்துக் கொடுத்தேன். எப்படிச் சார்ஜ் ஏற்றுவது என்றும் சொல்லிக் கொடுத்தேன். கிரைண்டரை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அது பத்திரமாக இருக்கிறது, மண்வெட்டி தீட்ட வைத்திருக்கிறேன் என்றார்.

சார்ஜரும் அவரோடு போய்விட்டது என்பது அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

சகலன், மனைவியின் தங்கச்சியின் மாப்பிள்ளை, வேறு விதமான ஆள். கச்சேரியில் அரசாங்க உத்தியோகம், கேட்டு வாங்க மாட்டார். மகளைக் கூட்டிக்கொண்டு வந்து இருந்தார். ஸ்குரூ மெசினை சோகேசில் வைத்திருப்பதாகச் சொன்னார், பார்க்க வடிவாக இருக்கிறதாம். இறக்காமத்து மாமாவின் லைட் நல்லா எரிகிறதாமே என்று இரண்டு தரம் சொன்னார். நான் விளங்காதவன் போல இருந்தேன். போகும்போது அவர் முகம் சரியில்லை. மனைவியின் தங்கச்சி அடுத்த நாளிலிருந்து சாப்பாட்டுக் கிண்ணம் அனுப்பவில்லை.

என்னிடம் ஒரு பெட்டரி மிஞ்சியிருந்தது. முழுச் சார்ஜோடு. ட்ரில்லுக்கு ஒரு முனையைப் போட்டால் அதனாலேயே ஸ்குரூ அடிக்கலாம், கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். என் தங்கச்சியின் மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஒருவர் மருதமுனையில் மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லாத வீடு. முன்னறை ஒன்றை மட்டும் செய்து காட்டுகிறேன், பிடித்தால் மற்றதைத் தாருங்கள் என்று கேட்டேன். அவரும் சம்மதித்தார். இனி மச்சானிடம் ட்ரில்லை இரவல் வாங்குவதுதான் பாக்கி. இரவல் கேட்பது திருப்பிக் கேட்பதாகாது என்று மனைவியும் நானும் பேசி முடிவெடுத்தோம்.

பெட்டரியை சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். மச்சானுக்கு என்னைக் கண்டதும் வாயெல்லாம் பல். பிளேன்டீ சொல்லி அனுப்பினார். பைக்குள் கையை விட்டுப் பெட்டரியை எடுத்தார்.

“இதத்தான் மச்சான் பாத்துக்கிட்டு இருந்த,” என்றார்.

ட்ரில்லில் அதைச் செருகி, பக்கத்தில் கிடந்த அலுமினியச் சட்டத்தில் வரிசையாகத் துளை போட்டார். கை வாகாகப் பிடித்திருந்தார், வேலை தெரிந்த ஆள். அந்தச் சத்தத்தை நான் கட்டாரில் கிழமை முழுக்கக் கேட்டவன், ஆனால் அன்றைக்குக் கேட்க முடியவில்லை. பிளேன்டீ வந்ததும் விசயத்தைச் சொன்னேன். ஒரு அறைதான், இரண்டொரு நாளில் திருப்பித் தந்துவிடுவேன் என்றேன்.

மச்சான் சிரிக்கவில்லை. ட்ரில்லை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“நீங்க என்னத்துக்கு மச்சான் ஏணில ஏற? ஆரும் கண்டா உங்களையா பேசுவாங்க, எங்களயெல்லோ பேசுவாங்க. தங்கச்சிக்கு மாப்பிள எடுத்துட்டு, அந்த மனிசன சீலிங் அடிக்க விட்டிருக்காங்க எண்டு.”

“எனக்கு வேல தெரியும் மச்சான்.”

“தெரிஞ்சிரிக்கட்டும். அது அங்க. லீவுக்கு வந்தா இருந்து சாப்பிட்டு ரெஸ்ட் எடுங்க. அந்த வேலைக்கு நம்மட ஆள் ஒருவன அனுப்புறன், உங்கட பேரும் கெடாது.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். இவ்வளவு காலமும் மெசினும் நிறமும் பெட்டரியும்தான் குறுக்கே நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு மெசினும் என் கையில் இருந்திருந்தாலும் என்னை அந்த ஏணியில் ஏற விட்டிருக்க மாட்டார்கள். கட்டாரில் எத்தனையாம் மாடியிலும் ஏறலாம், யாரும் பார்க்கப்போவதில்லை. என் ஊரில், நிலத்திலிருந்து நாலு படி ஏற எனக்கு வழியில்லை.

எழும்பும்போது மச்சான் தோளில் கை வைத்தார்.

“அடுத்த முறை வரக்குள்ள இன்னொரு பெட்டரி கொண்டு வாங்க மச்சான். உங்கட சகலன் பாவம், சும்மா மெசின வச்சிட்டு இரிக்கார். அவருக்கும் மனசு நோகும்.”

“ஓம்,” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அடுத்த முறை வருவதென்றால் இந்த முறை போக வேண்டும். என் வாயாலேயே அதை முடித்துவிட்டேன். விசா இருந்தது, டிக்கெட்டின் மறுபாதியும் இருந்தது. மருதமுனை வீட்டின் முன்னறைக்கு மச்சானின் ஆள் வந்து, என் ட்ரில்லால் சீலிங் அடித்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நல்ல வேலையாம்.

மனைவி என் உடுப்புகளை மடித்து அடுக்கினாள். இனி அடிக்கடி போன் எடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

போவதற்கு முதல் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மருதமுனைக்குப் போனேன். உம்மா கட்டிலில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டேன். உம்மாவே கேட்டார்.

“போறயா மகன்?”

“ஓம் உம்மா.”

“இனிப் போறல்ல எண்டுதானே செல்லியிருந்தாய்?”

“சரிவரல்ல உம்மா.”

“எத்தின வருசம்?”

“ரெண்டு.”

உம்மா தஸ்பீஹைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். வருத்தமோ கோபமோ முகத்தில் இல்லை. சந்தைக்குப் போகிறவனிடம் சாமான் சொல்லி அனுப்புகிற குரலில்தான் சொன்னார்.

“ஒன்ட ஹக்கெல்லாம் நான் ஹலாலாக்கிட்டன் மகன். வளக்கக்குள்ள அடிச்ச, ஏசின, பசிக்கப் போட்ட, எல்லாத்தையும் நீயும் எனக்கு இப்பவே ஹலாலாக்கிரு. பொறகு நேரம் கிடைக்கா.”

ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும், மௌத்துக்கு முன் கிடக்கிறவர்களும், ஒருவர் மேல் ஒருவருக்குள்ள கடனையும் குறையையும் மன்னித்து விடுவதற்குச் சொல்கிற சொல் அது. ஒருவர் சொன்னால் மற்றவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். வெளியே வாகனக்காரர் ஹோன் அடித்தார்.

“ஹலாலாக்கிட்டன் உம்மா,” என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.